105 வருடம் நீரில், 25 வருடம் கரையில்: ஆல்வின் கிளார்க் கப்பலுக்கு என்ன ஆனது?

1994 மே மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மெனாமினி என்ற துறைமுக ஊரில் ஒரு மரக்கப்பலை இடித்து அள்ளினார்கள். அதற்குள் அதைக் கப்பல் என்று சொல்வதே கஷ்டமாகிவிட்டது. பலகைகள் இற்று, மூட்டுகள் விலகி, உள்ளே போய் நிற்பதே ஆபத்து என்ற நிலை. ஊர்க்காரர்கள் பலருக்கு அது கண்ணை உறுத்தும் குப்பை.

அதே கப்பல் 1969 ஜூலையில் ஏரியின் அடியிலிருந்து மேலே வந்தபோது, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து முடித்ததும் தன் உடம்பைக் கொண்டே மிதந்தது. யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. 105 வருடம் நீருக்குள் கிடந்த மரம், மேலே வந்த அன்றைக்கு அப்படி மிதந்திருக்கிறது. ஆல்வின் கிளார்க் என்பது அதன் பெயர். 105 வருடம் தண்ணீருக்குள் நடக்காத அழிவு 25 வருடம் கரையில் எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் அந்த ஏரிகளைப் பற்றி

ஏரி என்றதும் நமக்குக் கரையும் மதகும் கலங்கலும் மனதில் வரும். எதிர்க்கரையில் மாடு மேய்வது தெரியும். வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளை அந்தச் சொல்லால் கற்பனை செய்ய முடியாது. மிச்சிகன் ஏரி மட்டுமே சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. நடுவே போனால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. திடீர்ச் சூறைக்காற்று, மூடுபனி, ஆள் உயரத்தைத் தாண்டும் அலை எல்லாம் உண்டு. இல்லாதது உப்பு ஒன்றுதான்.

19ஆம் நூற்றாண்டில் இந்த ஏரிகள்தான் அந்தப் பகுதியின் நெடுஞ்சாலை. ரயில் வருவதற்கு முன்பும், வந்த பிறகு பல காலமும், கோதுமை, மரம், நிலக்கரி, இரும்புத்தாது எல்லாம் பாய்க்கப்பல்களில் போயின. இரண்டு அல்லது மூன்று பாய்மரம், குறைந்த ஆட்களைக் கொண்டே ஓட்டக்கூடிய ஸ்கூனர் வகைக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இன்றைக்கு லாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். லாரியை யாரும் படம் வரைந்து பாதுகாப்பதில்லை. அந்தக் கப்பல்களையும் அப்படித்தான் விட்டார்கள். 1840களின் ஏரிக் கப்பல் தச்சர்கள் பெரும்பாலும் கண்ணளவிலும் கையளவிலும் வேலை பார்த்தவர்கள். முழு வரைபடம் என்று விட்டுப் போனது மிகக் குறைவு. அதனால் அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல் உண்மையில் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள, மூழ்கியவைதான் நல்ல ஆதாரம். பேரேரிகளில் மூழ்கிய கலங்கள் சுமார் 6,000 இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மூழ்கிய நாள்

ஆல்வின் கிளார்க் 1846-47 வாக்கில் மிச்சிகனின் டெட்ராய்ட் நதிக்கரையில், இன்று டிரென்டன் என்று அழைக்கப்படும் இடத்தில் கட்டப்பட்டது. இரட்டைப் பாய்மரம், நீளம் 100 அடிக்குக் கொஞ்சம் கூடுதல், கொள்ளளவு 200 டன்னுக்கு மேல். சொந்தக்காரரின் மகன் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்தார்கள். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, பனிக்காலத்தில் துறையில் கட்டி வைப்பது என்று பதினேழு வருடம் ஓடியது. இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. வேலை பார்த்த கப்பல், அவ்வளவுதான்.

1864 ஜூன் 29 அன்று அது காலியாகப் போய்க்கொண்டிருந்தது. மிச்சிகன் ஏரியின் மேற்குப் பக்கம் கிரீன் பே என்ற நீண்ட விரிகுடா இருக்கிறது. அதன் கரையில் உள்ள ஒகான்டோ என்ற ஊரில் மரம் ஏற்றுவதற்காகப் போன பயணம். சிகாகோ அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கிரீன் பே கரைக் காடுகள் வெட்டுப்பட்டுப் பலகையாக அங்கே போயின. மரம் ஏற்றும் முன் சரக்கறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதற்காகத் தளத்தில் இருந்த சரக்கறை வாய்கள் திறந்தே கிடந்தன.

சேம்பர்ஸ் தீவுக்குப் பக்கத்தில் சூறைக்காற்று அடித்தது. உள்ளே சுமை இல்லாத கப்பல் சட்டென்று சாய்ந்தது, திறந்த வாய்கள் வழியே தண்ணீர் புகுந்தது. மூடியிருந்தால் சாய்ந்த கப்பல் நிமிர்ந்திருக்க வாய்ப்புண்டு. திறந்திருந்ததால் வாய்ப்பே இல்லை. கப்பலில் இருந்த ஐந்து பேரில் தலைவரோடு சேர்த்து மூவர் இறந்தார்கள், இருவரை அந்த வழியே வந்த இன்னொரு கப்பல் காப்பாற்றியது. கப்பல் சுமார் 110 அடி ஆழத்தில் போய் அடியில் நேராக உட்கார்ந்தது.

நேராக உட்கார்ந்தது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். மோதி உடையவில்லை, எரியவில்லை, பாறையில் அடிபடவில்லை. முழுக் கப்பலாக மூழ்கியது, முழுக் கப்பலாகவே இருந்தது. மெல்ல மெல்ல வண்டல் உள்ளே நிரம்பி, உள்ளே இருந்த சாமான்களை மூடிக்கொண்டது.

உப்பில்லாத குளிர்நீர் செய்த வேலை

கடலில் மூழ்கிய மரக்கப்பலின் பெரிய எதிரி கப்பல் புழு. புழு என்று பெயர், உண்மையில் சிப்பி இனம். தலைப்பக்கம் உள்ள இரண்டு சிறு ஓடுகளால் மரத்தைக் குடைந்து குடைந்து உள்ளேயே வாழும். வெப்பக் கடலில் மூழ்கிய கப்பலில் மணலுக்கு வெளியே நிற்கும் மரத்தைச் சில பத்தாண்டுகளுக்குள் தின்று தீர்த்துவிடும். நம் கடற்கரைகளில் பழைய மரக்கலங்கள் முழுதாகக் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் புழுவுக்கு உப்பு வேண்டும். பேரேரிகளில் உப்பு இல்லை, அதனால் புழுவும் இல்லை.

அடுத்தது குளிர். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதனால் ஆழமான ஏரியில் அந்தக் குளிர்நீர் அடியில் தங்கிவிடும், கோடையிலும் பெரிதாகச் சூடேறாது. பூஞ்சையும் நுண்ணுயிர்களும் அந்தக் குளிரில் மந்தமாகத்தான் வேலை செய்யும். வண்டல் மூடிய இடத்தில் ஆக்சிஜனும் குறைவு.

ஆனால் மரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று நினைக்கக் கூடாது. பாக்டீரியா மெதுவாக, வருடக்கணக்கில், மரத்தின் செல் சுவரில் உள்ள செல்லுலோஸைத் தின்றுகொண்டே இருந்தது. தின்ற இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்தது. பார்த்தால் பலகை பலகையாகவே இருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும், தச்சன் உளி வைத்த தடம்கூடத் தெரியும். உள்ளே அந்த வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு தண்ணீருடையது. மேலே கொண்டு வந்தவர்கள் பார்த்தது வெளி வடிவத்தை. அந்தப் பங்கு கண்ணுக்குத் தெரியாது.

வலை மாட்டியதும் அதற்குப் பிறகும்

1967 நவம்பரில் ஒரு மீனவரின் வலை கிரீன் பே அடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க பிராங்க் ஹாஃப்மன் என்ற முக்குளிப்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் இறங்கிப் பார்த்தால், இருட்டில் ஒரு கப்பல் நிற்கிறது. எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் மர்மக் கப்பல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அடையாளம் பின்னால்தான் உறுதியானது.

1968லும் 1969லும் ஹாஃப்மனும் அவரோடு சேர்ந்த தன்னார்வ முக்குளிப்பவர்களும் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூலி இல்லாமல், 110 அடி ஆழத்தில், கை நீட்டினால் கை தெரியாத கலங்கலில் அவர்கள் வேலை பார்த்தார்கள். அந்த ஆழத்தில் ஒரு நேரத்துக்குச் சில பத்து நிமிடங்கள்தான் இருக்க முடியும். அதிகம் இருந்தால் மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டும், அவசரப்பட்டால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி ஆளே முடங்கிவிடுவார். அப்படித் துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்தில் சரக்கறையில் நிரம்பியிருந்த வண்டலை உறிஞ்சி எடுத்தார்கள். கப்பலுக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுரங்கம் போட்டு, அதன் வழியே இரும்பு வடங்களை நுழைத்தார்கள். வடங்களின் மேல்முனையை மிதவைக் கலத்தில் கட்டி, கப்பலைத் தூளியில் தூக்குவதுபோல் தூக்கி, தண்ணீருக்குள்ளேயே தொங்கவிட்டபடி மரினெட் என்ற ஊர்வரை கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தின் உதவியோடு நீர்மட்டத்துக்கு மேலே எடுத்தார்கள். நிலாவில் மனிதன் கால் வைத்த அதே மாதம் இது நடந்தது. உலகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் மட்டும் கூட்டம் கூடியது.

வண்டலிலிருந்து ஏராளமான சாமான்கள் வந்தன. பாத்திரங்கள், தச்சுக் கருவிகள், களிமண் புகைக்குழாய், கப்பலாட்களின் சொந்தச் சாமான்கள். சாடி ஒன்றில் இருந்த பாலாடைக்கட்டி இன்னும் தின்னும் பதத்தில் இருந்தது என்பது, இந்தக் கப்பலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் வந்துவிடும் கதை. எனக்கு அந்தப் பாலாடைக்கட்டியைவிடக் கப்பலின் உடம்புதான் பெரிய அதிசயமாகப் படுகிறது. 1840களின் ஏரிச் சரக்குக் கப்பல் ஒன்று ஏரா என்ற அடிக்கட்டையிலிருந்து தளம்வரை முழுதாக, வங்கு என்ற விலாச்சட்டம் ஒவ்வொன்றும் எப்படி எதோடு பூட்டப்பட்டது என்று தொட்டுப் பார்க்கும்படி கிடைத்திருக்கிறது. அதுவரை பேரேரிகளில் அப்படி ஒன்று மேலே வந்ததில்லை.

கரையில்

மெனாமினி நதிக்கு ஒரு கரையில் விஸ்கான்சின் மாநிலத்து மரினெட், மறு கரையில் மிச்சிகன் மாநிலத்து மெனாமினி. கப்பல் மறுகரைக்குப் போனது. மர்மக் கப்பல் துறைமுகம் என்று பெயர் வைத்து, பாய்மரங்களை நிறுத்தி, கட்டணம் வாங்கிக் காட்ட ஆரம்பித்தார்கள். ஹாஃப்மனின் கணக்கு எளிமையானது: ஜனங்கள் வருவார்கள், வரும் காசில் கப்பலைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனங்கள் வந்தார்கள். போதுமான அளவு வரவில்லை. அந்த ஊர் பெரிய நகரங்களிலிருந்து தொலைவு, கோடை குறுகியது, குளிர்காலத்தில் விரிகுடாவே உறைந்துபோகும். வந்த காசு அன்றாடச் செலவுக்கே சரியாக இருந்தது. அரசிடமும் அறக்கட்டளைகளிடமும் ஹாஃப்மன் பல வருடம் உதவி கேட்டார். தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் கப்பலின் பெயர் ஏறியது. பாதுகாக்கப் பணம் வரவில்லை. கையில் இருந்ததெல்லாம் கரைந்து, கடன் ஏறி, 1980களின் பிற்பகுதியில் கப்பல் கைமாறியது. வாங்கியவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த வருடங்களில் மரத்துக்குள் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். நம் ஊரில் எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார்: பச்சை மரத்தில் கதவு போடாதே, காயக் காய முறுக்கிக்கொள்ளும். மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நல்ல ஓக் மரம் ஈரத்திலிருந்து முழுக்கக் காயும்போது நீளவாக்கில் ஒரு சதவீதம்கூடக் குறையாது; வளையத்தை ஒட்டிய வாக்கில் 10 சதவீதம்வரை சுருங்கும். அதனால்தான் வெடிப்பு, முறுக்கு எல்லாம். இது நல்ல மரத்தின் கதை.

நூறு வருடம் ஊறி, உள்ளே செல் சுவர் மெலிந்துபோன மரத்தின் கதை இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது அதன் பரப்பு இழுவிசை செல் சுவர்களை உள்பக்கமாக இழுக்கும். வலுவுள்ள சுவர் தாங்கும். மெலிந்த சுவர் நசுங்கும். ஈரத்தாளைச் சுருட்டிக் காயவைத்தால் எப்படி ஆகும், அப்படி. ஒரு முறை நசுங்கினால் மறுபடி தண்ணீரில் போட்டாலும் திரும்பாது. இதற்கு மேல் மழை, பனி. விரிசலில் புகுந்த தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து விரிசலை அகட்டும். கோடையில் வெதுவெதுப்பும் ஈரமும் சேர, ஏரியின் அடியில் மந்தமாகக் கிடந்த பூஞ்சைக்குக் கல்யாணச் சாப்பாடு. பலகைகளைப் பிடித்து வைத்திருந்த இரும்பாணிகள் காற்று பட்டதும் துருவேறிப் பருத்து, சுற்றியுள்ள மரத்தைப் பிளந்தன. அப்புறம் எது எதைப் பிடித்து நிற்கும்?

மேலே ஒரு கூரைகூடச் சரியாக இல்லை. வெட்டவெளியில் நின்றது.

எங்கே தவறியது

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் ஹாஃப்மனை வில்லனாக்குவார்கள், அல்லது அரசைத் திட்டுவார்கள். இரண்டும் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. மரத்தைக் காப்பாற்றும் முறை அப்போது தெரிந்தே இருந்தது. ஸ்டாக்ஹோமில் 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா போர்க்கப்பலை ஸ்வீடன் 1961இல் வெளியே எடுத்தது. அடுத்த வருடமே அதன்மேல் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க ஆரம்பித்தார்கள். செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை மெல்ல வெளியேற்றி அந்த இடத்தில் இது போய் உட்கார வேண்டும், அப்போதுதான் காய்ந்தாலும் நசுங்காது. தெளித்தது 17 வருடம். அதற்குப் பிறகு மெதுவாகக் காயவைத்தது இன்னும் 9 வருடம். ஆல்வின் கிளார்க் மேலே வந்த 1969இல் வாசாவின் தெளிப்பு இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

வாசாவுக்குப் பின்னால் ஒரு நாட்டின் அரசு இருந்தது. ஆல்வின் கிளார்க்குக்குப் பின்னால் ஒரு முக்குளிப்பவரும் அவர் நண்பர்களும் இருந்தார்கள். அவர்கள் திட்டம் போட்டது கப்பலைத் தூக்குவதற்கு. தூக்கும் வேலைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. கூட்டம் கூடும், கைதட்டுவார்கள், நாளிதழில் படம் வரும். காப்பாற்றும் வேலைக்கு முடிவு நாளே கிடையாது. வாசாவையே பாருங்கள்: 1990இல் பிரம்மாண்டமான அருங்காட்சியகம் திறந்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, 2000 வாக்கில் மரத்தில் ஊறியிருந்த கந்தகம் அமிலமாக மாறுவதைக் கண்டுபிடித்தார்கள். பழைய ஆணிகளை மாற்றுவது, காற்றின் ஈரப்பதத்தை இறுக்கிப் பிடிப்பது என்று இன்னும் வேலை நடக்கிறது. உலகம் முழுக்கக் கூட்டம் வரும் அருங்காட்சியகத்துக்கே இந்த நிலை.

ஆக, தவறு 1970களில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. முதல் வடத்தைக் கப்பலுக்கு அடியில் நுழைத்த அன்றே, மேலே வந்த மறுநாள் இது எந்தக் கூரைக்கு அடியில் போகும், யார் சம்பளத்தில் யார் தெளிப்பார்கள் என்று ஒருவரும் பதில் வைத்திருக்கவில்லை. பிற்பாடு கேட்ட உதவி கிடைத்திருந்தாலும், முதல் சில வருடங்களில் நசுங்கிய செல்கள் நசுங்கியவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கியதே பாவம் என்ற பேச்சும் இருக்கிறது. அதே நாட்டில் அதற்கு எதிர் உதாரணமும் உண்டு. சாம்ப்ளேன் ஏரியில் 1776 அக்டோபர் 11 அன்று அமெரிக்க விடுதலைப் போரின் வால்கூர் தீவுச் சண்டையில் மூழ்கிய, அமெரிக்கப் படையின் பிலடெல்பியா என்ற பீரங்கிப் படகை லொரென்சோ ஹாக்லண்ட் என்பவர் 1935இல் தூக்கினார். அவரும் தனி ஆள்தான். அவரும் காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார். ஆனாலும் அது தப்பித்தது: நீளம் 54 அடிதான், ஒரு கூடத்துக்குள் அடங்கும், 1960களில் அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கைக்கு வந்து வாஷிங்டனில் கூரைக்குள் போய்ச் சேர்ந்தது. கப்பலின் அளவும், அது யார் கைக்குப் போகிறது என்பதும் விதியைத் தீர்மானித்திருக்கின்றன. அந்தப் படையின் இன்னொரு படகு, ஸ்பிட்பயர், 1997இல் பாய்மரம் நின்றபடி அதே ஏரியின் அடியில் கிடைத்தது. இதைத் தூக்க யாரும் அவசரப்படவில்லை.

தூக்காமல் விட்டவை

ஆல்வின் கிளார்க் மெனாமினியில் இற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒன்டாரியோ ஏரியில் இரண்டு கப்பல்களைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஹாமில்டன், ஸ்கர்ஜ் என்ற இரண்டும் சரக்குக் கப்பலாகப் பிறந்தவை. பிரிட்டனோடு 1812இல் தொடங்கிய போரில் அமெரிக்கக் கடற்படை அவற்றின் தளத்தில் பீரங்கிகளை ஏற்றிப் போர்க்கலமாக்கியது. மேலே எடை ஏறிய அந்தக் கப்பல்கள் 1813 ஆகஸ்ட் 8 அன்று அதிகாலைச் சூறையில் சாய்ந்து மூழ்கின. 50 பேருக்கு மேல் போய்விட்டார்கள். 1973இல் சுமார் 90 மீட்டர் ஆழத்தில் இரண்டும் கிடைத்தன: முன்முனையான அணியத்தில் மரச்சிற்பம் அப்படியே, பீரங்கிகள் அதனதன் இடத்தில், வெட்டுவாள்கள் தொங்கியபடி. கனடாவின் ஹாமில்டன் நகரம் 1980இல் அவற்றுக்கு உரிமையாளர் ஆனது. மேலே எடுத்துக் காட்சிக்கு வைக்கும் ஆசை அந்த நகரத்துக்கு இருந்தது. வருடங்கள் ஓடின, செலவுக் கணக்கு ஏறியது, ஆசை இறங்கியது. இரண்டு கப்பல்களும் இன்றுவரை அடியிலேயே இருக்கின்றன. உள்ளே மனித எலும்புகளும் இருப்பதால் போர்க் கல்லறையாகவே நடத்துகிறார்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்தது. அமெரிக்காவில் 1987ஆம் வருடச் சட்டம், கைவிடப்பட்டு அடியில் புதைந்து கிடக்கும் கப்பல்களின் உரிமையை அந்தந்த மாநிலத்துக்குக் கொடுத்தது. கண்டவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற காலம் அதோடு முடிந்தது. ஹியூரான் ஏரியில் ஆல்பீனா ஊரை ஒட்டி 2000இல் தண்டர் பே தேசிய நீர்ச் சரணாலயம் வந்தது. 2014இல் அதை 4,300 சதுர மைலுக்கு விரித்தார்கள். மிச்சிகன் ஏரியின் விஸ்கான்சின் கரையில் 2021இல் இன்னொன்று. இவற்றில் கப்பல்தான் பாதுகாக்கப்படும் உயிரினம் என்று சொல்லலாம். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம், எதையும் எடுக்கக் கூடாது. அவர்கள் படகின் நங்கூரம் கப்பல் மேல் விழாமல் இருக்க, கட்டிக்கொள்ள மிதவைகள் போட்டிருக்கிறார்கள்.

சரி, அப்படியே விட்டுவிட்டால் எல்லாம் நலம் என்று இங்கே நிறுத்தியிருக்கலாம், ஒரு சிப்பி வராமல் இருந்திருந்தால்.

கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து நீர்களைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பியும் குவாகா சிப்பியும் 1980களின் கடைசியில் பேரேரிகளில் தென்பட்டன. வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்கள் பாரத்துக்காக வயிற்றில் நிரப்பி வந்து இங்கே கொட்டிய நீரில்தான் வந்தன. முதலாவது ஆழமில்லாத இடத்தோடு நின்றுகொள்ளும். குவாகாவுக்குக் குளிரும் பொருட்டில்லை, ஆழமும் பொருட்டில்லை; 100 மீட்டரைத் தாண்டியும் போகிறது. விரல் நகம் அளவுள்ள இந்தச் சிப்பிகள் மூழ்கிய கப்பலின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்கின்றன. பாரம் தாங்காமல் தளமும் கம்பிகளும் சரிகின்றன, இரும்பாணிகள் சீக்கிரம் அரிக்கின்றன, செதுக்கிய பெயர்ப்பலகை இருந்த இடமே தெரியாமல் போகிறது. சுரண்டி எடுத்தால் மரத்தின் மேல்தோலும் சேர்ந்து வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சிப்பிகள் நீரை வடிகட்டித் தின்னும். கோடிக்கணக்கில் பெருகியதால் மிச்சிகன், ஹியூரான் ஏரிகள் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டன. ஹாஃப்மனின் ஆட்கள் கை தெரியாத கலங்கலில் தடவிக்கொண்டிருந்த காலம் போய், இன்று ஆழமில்லாத இடங்களில் கிடக்கும் கப்பல்களை விமானத்திலிருந்தே பார்க்க முடிகிறது. அழிக்கிற பிராணியே வெளிச்சமும் போட்டுக் காட்டுகிறது. சுப்பீரியர் ஏரியில் மட்டும், ஓடு கட்டத் தேவையான கால்சியம் குறைவாக இருப்பதால், இவை அவ்வளவாகப் பெருகவில்லை.

அதனால் இப்போது நடப்பது ஒரு ஓட்டப்பந்தயம். ஒலியை அனுப்பி எதிரொலியால் அடியைப் பார்க்கும் சோனார் கருவியால் தேடுவது, தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கிக் கேமராக்களை இறக்குவது, ஆயிரக்கணக்கான படங்களைத் தைத்துக் கப்பலின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் எழுப்புவது. ஒரு பலகையைக்கூடத் தொடாமல் ஒவ்வொரு பலகையின் அளவையும் எடுத்துவிட முடிகிறது. 1969இல் இந்த வசதி இருந்திருந்தால் ஆல்வின் கிளார்க்கைத் தூக்கியிருப்பார்களா என்று அடிக்கடி நினைப்பேன். ஹாஃப்மன் மாதிரி ஆள் தூக்கியே இருப்பார் என்றுதான் படுகிறது. கப்பலைக் கணினித் திரையில் பார்ப்பதும் அதன் தளத்தில் நிற்பதும் ஒன்றில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கும் மறுத்துப் பேச வராது.

தண்டர் பே சரணாலயத்தில் 2019இல் அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் அயர்ன்டன்: 191 அடி நீளம், மூன்று பாய்மரங்கள். 1894 செப்டம்பரில் அதை இழுத்துப் போன நீராவிக் கப்பலின் எஞ்சின் நின்றுபோக, கயிறு அறுத்துவிடப்பட்டு, இருட்டில் கட்டுப்பாடில்லாமல் ஓடி ஒஹையோ என்ற கப்பலின்மேல் மோதியது. இரண்டும் மூழ்கின. அயர்ன்டனின் ஏழு பேரும் உயிர்காப்புப் படகில் ஏறினார்கள். படகைக் கப்பலோடு கட்டியிருந்த கயிற்றை அவசரத்தில் யாரும் அவிழ்க்கவில்லை. கப்பல் மூழ்கும்போது படகையும் இழுத்துக்கொண்டு போனது. ஐவர் இறந்தார்கள், மிதந்த பொருட்களைப் பிடித்துக்கொண்டு இருவர் பிழைத்தார்கள். இது பிழைத்தவர் சொன்ன விவரம்.

கண்டுபிடிப்பை 2023 மார்ச்சில்தான் வெளியே சொன்னார்கள். மிதவை போடும் ஏற்பாட்டையும் அதோடு சேர்த்தே அறிவித்தார்கள். கேமரா எடுத்து வந்த படங்களில் மூன்று பாய்மரங்களும் நிமிர்ந்து நிற்கின்றன. கப்பலின் பின்முனையான அமரத்துக்குப் பின்னால், ஏரியின் அடியில், அந்தப் படகு கிடக்கிறது. இன்னும் கப்பலோடு கட்டியபடியே.